கையெழுத்து வாரம்

பள்ளிபாளையத்துக் காவேரிக் கரையில் இருந்த நூல் மில்லுக்கு ஒரு கால்பந்தாட்ட டீம் இருந்தது. டீமென்றால் சும்மா இல்லை, ஜில்லாவில் அதைக் கண்டு நடுங்காதவன் இல்லை. அந்த மில்லில் வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், மாப்பிள்ளை விருந்து நடக்கும். அப்படிப் பெயர் வைத்தது லைன் வீட்டு ஜனங்கள்.

விஷயம் இதுதான். சேலம் ஜில்லாவில் பந்தாடுகிறவன் ஒரு டீமுக்கு ஒரு வருஷத்துக்குத்தான் கையெழுத்துப் போடுவான். மே மாதம் முதல் வாரத்தோடு அது காலாவதி. வேறு டீமுக்குப் போக நினைக்கிறவன் அந்த வாரத்துக்குள் சேலத்துச் சங்க ஆபீசுக்கு நேரில் வந்து புது டீமின் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்ததும் பாரங்களைக் கட்டிப் பீரோவில் வைத்துவிடுவார்கள். வராதவன் பழைய டீமுக்கே இன்னும் ஒரு வருஷம். ஆகவே நல்ல ஆட்டக்காரனை விட மனசில்லாத டீம்காரர்கள் அந்த ஒரு வாரம் மட்டும் அவனை யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்வார்கள். அடித்து அல்ல, கட்டிப்போட்டும் அல்ல. கோழியடித்துக் குழம்பு வைத்து.

கஸ்பாரும் மூன்று வருஷம் அப்படி விருந்துக்குப் போனவன்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஓடிப் பழகிய கால். இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினால் பின்னால் வருகிறவர்கள் புழுதியைத்தான் தின்ன வேண்டும். மில்லில் கழிவுப்பஞ்சு குடோனில் அவனுக்கு ஒரு வேலை என்று பேர். குடிக்கொரு அறையும் சமையலுக்கு ஒரு சாய்ப்புமாக லைன் வீடு. மற்ற வருஷங்களில் விருந்து முடிந்து வரும்போது கன்னம் உப்பி, புது வேட்டி கட்டிக்கொண்டு சிரித்தபடி வருவான். பெண்டாட்டி இன்னாசிமேரியும் சிரிப்பாள்.

1962-ஆம் வருஷம் அவள் சிரிக்கவில்லை.

போன தீபாவளிக்கு நடந்த ஆட்டத்தில் கஸ்பாருக்கு வலது முழங்காலில் அடி. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே என்னவோ விட்டுப்போயிருந்தது. சமதரையில் நடப்பான். ஆட்டத்தன்று துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அரைமணி ஓடிவிடுவான். மடக்கினால்தான் உயிர் போகும். கோயிலில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது இவன் மட்டும் கடைசித் தூண் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "பேப்பர்ல பேரு வந்ததும் கஸ்பாருக்குச் சாமிகிட்டக்கூடத் தலைக்கனம்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இன்னாசிமேரி வாயைத் திறக்கவில்லை. தறிக்காரர்களுக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுக்கிறவள் அவள். விடியலில் நொச்சித் தழையை வேகவைத்து அவன் காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, அந்தத் தழையைக்கூட யாருக்கும் தெரியாமல் ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவருவாள்.

ஏனென்றால் மிக்கேலுக்கு நடந்ததை இருவரும் பார்த்திருந்தார்கள். கோல் காத்த மிக்கேலுக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டாம் மாதம் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது அவர் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலைப் பொட்டலம் விற்கிறார். டீமில் இருக்கிற வரைக்கும்தான் மில்லில் சோறு.

நல்லவேளையாக உபகாரசாமி வந்தார். கஸ்பார் பிறந்த ஊர்ப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர், சேலம் ஜங்ஷனில் ரயில்வே டீமைப் பார்த்துக்கொள்கிறவர். "கையெழுத்துப் போடு. மறுவாரமே ரயில்வேயில கலாசி வேலை. நெரந்தரம். டாக்டர் கண்ணைத்தான் சோதிப்பார். அப்பறம் நீ ஆடுனாலும் ஆடாட்டியும் அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் உன்னை ஒருத்தன் அசைக்க முடியாது" என்றார். முழங்கால் சங்கதி அவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் போவதென்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மில்லின் கார் நிற்கிறது. டீம் மேனேஜர் சின்னராஜ் கையில் சரிகை வேட்டியோடு சிரிக்கிறார்.

"ரெண்டே நாளுங்க தங்கச்சி. மொதலாளி ஒரு வார்த்தை பேசோணும்ங்கறார். கூட்டிட்டுப் போயிட்டுக் கொண்டாந்து உட்டர்றேன்" என்றார்.

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். கஸ்பார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறினான். ஏறும்போது வலது காலை மடக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டதை அவள் மட்டும் கவனித்தாள்.

திங்கள் போயிற்று. புதனும் போயிற்று. மில்லில் கேட்டால் "புதுச்சத்திரத்துல கவுண்டர் தோட்டத்துல ராசாவாட்ட இருக்கறாப்ல" என்று சொன்னார்கள். அது ஒன்றும் ரகசியமே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழந்தை ரீத்தாவைப் பக்கத்து வீட்டு அந்தோணிமேரியிடம் விட்டுவிட்டு இன்னாசிமேரி பஸ் ஏறினாள். திருச்செங்கோடு, அங்கிருந்து நாமக்கல், அங்கிருந்து சேலம் பஸ்ஸில் புதுச்சத்திரம். பிறகு இரண்டு மைல் நடை. தோட்டத்துப் பாதையில் கிழுவ வேலிகூட இலையில்லாமல் காய்ந்து கிடந்தது. செருப்பில்லாத காலில் மண் பொரிந்தது. மனசு அதைவிடப் பொரிந்தது.

அர்த்தநாரிக் கவுண்டர் தோட்டத்துக் கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். எருதுகள் சரிவில் இறங்குவதும் பின்னால் ஏறுவதுமாக இருந்தன. பண்ணையத்து ஆள் சடையன் வடத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். கிணற்றுக்கு மேற்கே மாமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் கஸ்பார் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தான். சரிகை வேட்டி, தலைமாட்டில் ஒரு கூடை மாம்பழம். அவளைக் கண்டதும் அவன் முகம் கோணிற்று.

"ஏனுங்க, ஒரு சொல்லு சொல்லியனுப்பக் கூடாதுங்களா?" என்றாள்.

"யாரைச் சொல்லியனுப்பறது புள்ள. ரோட்டுப் பக்கம் கால் வெச்சாச் சடையன் கூடவே வாரான். மரியாதையாத்தான் வாரான். 'வெயிலுங்க, வாங்க போலாம்'னு கையைப் புடிச்சுக் கூட்டியாந்துடறான்."

"ஓடிப்போட்டு வந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கஸ்பார் சிரித்தான். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "ஜில்லாவுல என்னை முந்த ஆளில்லைன்னு பேரு. ரெண்டு மைலு நொண்டிக்கிட்டு ஓடுனா இந்தக் கெணத்து மாடுகூட முந்திப்போயிரும். அதுதான் கட்டிலை உட்டு எறங்காம உக்காந்திருக்கறேன். நடந்தாத் தெரிஞ்சிருமே."

கவுண்டர் வந்தார். ஐம்பது வயசு, தலையில் துண்டு, வெற்றிலைச் சாறு ஊறின உதடு. இன்னாசிமேரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க அம்மிணி. வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு குடிங்க."

"அவரைக் கூட்டிட்டுப் போகோணுமுங்க. கொழந்தைக்கு மேலுக்குச் சொகமில்லை" என்று ஒரு பொய்யைச் சொன்னாள்.

கவுண்டருக்குச் சங்கடமாகப் போயிற்று. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குப் பொழுதோட கார் வருதுங்க. ரெண்டு பேருமே போயிக்கலாம். மில்லுக்காரங்க நாலு வருசமா என்ற பருத்தியை எடுத்துக்கறாங்க. சனிக்கெழமை வரைக்கும் வெச்சுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன். சொன்ன வார்த்தை தப்புனா நானென்ன மனுசனுங்க? வந்த ஒறம்பரையை அன்னைக்கே அனுப்புனாத்தான் நல்லாவா இருக்கும்."

அவ்வளவுதான். இப்போது அவளும் விருந்தாளி.

மத்தியானம் கவுண்டரின் மனைவி பாவாயி இலை போட்டாள். கோழிக் குழம்பு. வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டோம் என்று கஸ்பார் சொன்னதும் பாவாயி பதறிப்போனாள். "இத்தனை நாளு தின்னீங்களே சாமி, சொல்லியிருந்தா வேற ஆக்கியிருப்பேனே" என்று எழுந்து, கொள்ளுப் பருப்பு கடைந்து, கம்மஞ்சோற்றில் நெய் விட்டுப் போட்டாள். நல்ல மனுஷி. நல்லவர்களாக இருந்து தொலைத்ததுதான் இன்னாசிமேரிக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் கத்தியாவது தீர்க்கலாம்.

சாப்பாடானதும் பெண்கள் இருவரும் வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து புளி தட்டினார்கள். ஓடு நீக்கிய புளியைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு, கொட்டை தெறிக்கும். பாவாயியின் கை பேச்சுக்கு நிற்கவில்லை.

"எங்கூட்டுக்காரரு மாட்டு யேவாரத்துல ஒரு மாதிரி அம்மிணி. போன தையில சந்தைக்கு ஒரு எருது கொண்டுபோனாரு. நல்ல வெலைக்குக் கேட்டாங்க. கைமேல துண்டைப் போட்டுப் பேசி முடிச்சாச்சு. கயித்தை மாத்தற நேரத்துல, 'மாட்டுக்கு ராவுல இருமலுண்டு, சொல்லாமக் குடுத்தா என்ற கொலத்துக்கு ஆகாது'ன்னு சொல்லிப்போட்டாரு."

"அப்பறமுங்க?"

"அப்பறம் வெலையைச் சித்தெக் கொறச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போனாங்க. அவரு கையில வாங்குற மாட்டை யாரும் படுக்கப் போட்டு எழுப்பிப் பாக்க மாட்டாங்க. அப்படியொரு பேரு" என்றாள் பாவாயி. பெருமை முகத்தில் மினுங்கியது. பிறகு இன்னாசிமேரியின் கல்லைப் பார்த்தாள். அரைமணியாக ஒரே புளியை அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, என்ன கொறை உனக்கு? மில்லுல ஊடு இருக்குது. ஊட்டுக்காரரைப் பூவாட்ட வெச்சுக்கறாங்க. இன்னொரு டீமுக்குப் போயி என்னத்தைக் கட்டிக்கப் போறீங்க?"

கேட்ட குரலில் இருந்த பிரியத்துக்கு இன்னாசிமேரி உடைந்துவிட்டாள். ஆறு மாதமாகக் கல்லாக வைத்திருந்த வாய் அது. நொச்சித் தழையிலிருந்து மிக்கேலின் கடலைப் பொட்டலம் வரைக்கும் எல்லாம் சொன்னாள். நாளைக்கு ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் இந்த வருஷத்தோடு கால் போய்விடும், கால் போனால் வீடு போய்விடும் என்று சொன்னாள். "மில்லுக்காரங்க காதுல உழுந்தா அப்பவே தெருவுல நிக்கோணுமுங்கக்கா. அவங்ககிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. என்ற கொழந்தை மேல சத்தியம் பண்ணுங்க."

பாவாயி புளிக் கையோடு அவள் தலையில் கை வைத்தாள். "மில்லுக்காரங்க காதுல போடமாட்டேன் கண்ணு. இது சத்தியம்."

சனிக்கிழமை காலையில் சூரியன் பனைமரத்துக்கு மேல் ஏறிவிட்டது. பத்து மணி, பதினொன்று. கஸ்பார் கட்டிலில் உட்கார்ந்து பொழுதையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னாசிமேரி கையில் ஜெபமாலை உருண்டது, மனசு உருளவில்லை. அப்போது கவுண்டர் கிணற்று மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது.

"கெளம்புங்க" என்றார்.

"எங்கேங்க?"

"சேலத்துக்குத்தான். கால்நோவோட இருக்கற மனுசனைப் பட்டியில அடைச்சாப்பல அடைச்சு வெச்சிருந்தேன்னு பேரு எனக்கு வேண்டாமுங்க. மில்லுக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். பருத்தி எடுக்காட்டிப் போறான். நானே கூட வந்து ஒப்படைச்சுட்டு வாரேன்."

இன்னாசிமேரி திரும்பிப் பாவாயியைப் பார்த்தாள். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ற ஊட்டுக்காரர்கிட்டத்தான் கண்ணு சொன்னேன். அவருகிட்டச் சொல்றது வெளியில சொன்னதாகுமா?" என்றாள். இன்னாசிமேரி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சடையன் வண்டியைப் பூட்டி ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். இரண்டு மணிக்கு மேல்தான் சேலம் பஸ் நிறைந்து வந்தது. கவுண்டர் முன்னால் கண்டக்டர் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தார். மடியில் பாவாயி கொடுத்துவிட்ட மாம்பழப் பை. பின்னால் கஸ்பாரும் இன்னாசிமேரியும். ஜன்னல் வழியாக அனல் காற்று அடித்தது. அவர்களுக்கு அது தென்றலாக இருந்தது.

"ரயில்வே லைன்ல ஊட்டுக்கு முன்னாடி கொஞ்சம் எடம் இருக்குமாம்" என்றான் கஸ்பார்.

"ஒரு முருங்கை வெச்சுக்கலாமுங்க."

"முருங்கை வேண்டாம், கம்பளிப்பூச்சி வரும். ரீத்தாவுக்கு ஆகாது. கொய்யா வெப்போம்."

கொய்யாவா முருங்கையா என்று மல்லூர் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசினதில்லை.

சங்க ஆபீஸ் கடைவீதிச் சந்தில் இருந்தது. ஒரு நீள மேஜை, ஒரு பீரோ, ஒரு சுவர்க் கடிகாரம். உள்ளே நுழையும்போது மணி நாலு பத்து. உபகாரசாமி நான்கு நாளாக அங்கேயே பழியாகக் கிடந்தவர், கஸ்பாரைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "வந்துட்டயா கஸ்பாரு. உன்னை மலைக்கே கொண்டுபோயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். பாரத்தை எடுத்து மேஜையில் விரித்தார். குமாஸ்தா பேனாவை மசிக்கூட்டில் தோய்த்துக் கஸ்பார் கையில் கொடுத்தார். இன்னாசிமேரி சுவரோரம் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அர்த்தநாரிக் கவுண்டர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிசமுங்க. நீங்கதான் எடுத்துக்கறவிகளா?" என்று உபகாரசாமியைக் கேட்டார்.

"ஆமாங்க. நீங்க?"

"இவிய என்ற தோட்டத்துல இருந்தாங்க. என்ற கையால ஒப்படைக்கறேன். அதனால ஒண்ணு சொல்லிப்போடோணும். ஆளு தங்கமுங்க. ஒரு சுடுசொல்லு கெடையாது. ஆனா வலது மொழங்கால்ல ஒரு பழுது இருக்குது. தீபாவளிக்கு அடிபட்டது. மடக்க முடியாது. சொல்லாமக் குடுத்தா எனக்கு ஆகாதுங்க. அதைப் பாத்து ஒரு தோது பண்ணி எடுத்துக்குங்க."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. முனையிலிருந்து ஒரு சொட்டு மசி பாரத்தில் விழுந்து படர்ந்தது.

உபகாரசாமி பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "கஸ்பாரு, சித்தெக் குந்தி எந்திரிப்பா" என்றார்.

கஸ்பார் பேனாவை வைத்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டினான். மேஜையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், குந்தினான். பாதிதான் இறங்க முடிந்தது. முகம் வெளுத்து, கை தானாகப் போய் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டது. அவன் எழுவதற்கு உபகாரசாமியே கை கொடுத்தார்.

"எனக்குத் தெரியாம இருந்திருக்கலாம்" என்றார் உபகாரசாமி. "குமாஸ்தா முன்னாடி, இத்தனை பேரு முன்னாடி சொல்லியாச்சு. இனி நான் எழுதுனா, ஆடாத ஆளைத் தெரிஞ்சே எடுத்தேன்னு என் வேலைக்கே வந்துரும். என்னை மன்னிச்சிரு."

பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கவுண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் இரண்டு தடவை நடந்தார். "என்னுங்க இது, பழுதைச் சொன்னா வெலையைக் கொறச்சுக் கேப்பாங்க. சம்பளத்தைக் கொறச்சு எடுத்துக்குவாங்கன்னுதானுங்க நெனச்சேன். ஒரேயடியா வேண்டாம்னு போறாரே" என்றார். குமாஸ்தாவைக் கேட்டார், சுவரைக் கேட்டார். பிறகு இன்னாசிமேரியின் முகத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆறடி மனிதர், நின்ற இடத்திலேயே ஒரு பிடி குறைந்துபோனார்.

அவரைத் திட்ட வேண்டும் என்று இன்னாசிமேரிக்கு இருந்தது. பருத்தி விற்காவிட்டாலும் பரவாயில்லை என்று கூட வந்த மனிதரை எந்த வாயால் திட்டுவது.

ஐந்து அடித்தது. குமாஸ்தா பாரங்களை நூல் போட்டுக் கட்டினார். "கஸ்பார் பேரு பழைய டீம்லயே இருக்குதுங்க" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பீரோவைப் பூட்டினார். மில் அவனை வைத்துக்கொண்டது. இந்தச் சேதி திங்கட்கிழமைக்குள் பள்ளிபாளையம் போய்விடும், அப்புறம் எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

கவுண்டர் மாம்பழப் பையைக் கஸ்பார் பக்கத்தில் வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வெளியில் வந்தபோது கோயில் மணி கேட்டது. மே மாதம், மாதா வணக்கம். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எங்கே போவதென்று தெரியாதவர்களுக்குப் போக அது ஒன்றுதான் இடம். கோயிலில் சம்பங்கி மாலையும் மெழுகுவத்தி வாசமுமாக இருந்தது. ஜனங்கள் ஜெபமாலை தொடங்கி முழங்காலில் நின்றார்கள். இன்னாசிமேரி வழக்கம்போலக் கடைசித் தூணுக்கு நடந்தாள். கஸ்பார் அங்கே நிற்கவில்லை. ஜனத்துக்கு நடுவில் போய், தூணும் சுவரும் இல்லாத இடத்தில், இரண்டு முழங்காலையும் மடக்கித் தரையில் நின்றான். இறங்கும்போது அவன் உடம்பு நடுங்கினதை அவள் பார்த்தாள்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். "வேண்டாமுங்க. எந்திரிங்க. காலு என்னத்துக்கு ஆகும்" என்று காதோரம் சொன்னாள்.

"இனி அதை யாருக்காகப் புள்ள பத்திரம் பண்ணோணும்" என்றான் கஸ்பார். "ஆறு மாசமாச் சாமிக்கு மடக்காத காலு. மில்லுக்குன்னு காப்பாத்துனேன். இன்னைக்காவது நிக்கறேன்."

ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடியும்வரை அவன் அப்படியே நின்றான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை. வணக்கம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். கோயில்பிள்ளை ஒவ்வொரு மெழுகுவத்தியாக அணைத்துக்கொண்டு வந்தார். கஸ்பார் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. மறுபடியும் பார்த்தான். இன்னாசிமேரி மாம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தாள்.